கோளாறு இருக்கும் இடம் தவிர

எங்கள் சந்தில் அவரை எல்லாரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் காலேஜில் படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார். அவரிடம் எதற்கும் ஒரு பதில் உண்டு. தாராவியிலிருந்து மாட்டுங்கா, செம்பூர் வரைக்கும் தமிழ் பேசுகிற வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும். அப்படிப்பட்ட மனிதர், சொந்த மனைவிக்குக் கண் போய்க்கொண்டிருந்தபோது மானிட்டர் மாற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய வலது கண் பார்வையின் நடுவில் இன்றைக்கும் ஒரு கறை இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் அவரைப் பற்றி மரியாதையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர், தோளில் ஒரு கறுப்புப் பை. வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டார், சுவரில் இருக்கிற பிளக்கைப் பார்ப்பார். அதை உருவி, முள்ளைக் கைக்குட்டையால் துடைத்து, மறுபடி செருகுவார். அடுத்தது ஒயர். அப்புறம் மேஜை ஆடுகிறதா என்று இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார். ஆடாத மேஜையும் அவர் கைபட்டால் ஆடும். பிறகு அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார். இதற்குள் டீ வந்துவிடும். டீயை ஆற்றிக்கொண்டே, "இதுல யாரோ கை வச்சிருக்காங்க" என்பார். யார் என்று கேட்டால் நம்மையே மேலும் கீழும் பார்ப்பார்.

கோளாறு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடுவது அவருடைய தொழில். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவர் அந்தக் கூடத்தை இடித்துக் கட்டித் தருகிற ரகம்.

அந்த வருஷம் அவருக்கு நல்ல அறுவடை. கம்ப்யூட்டருக்கெல்லாம் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்திருந்தது. மாற்றிக்கொள், மாற்றிக்கொள் என்று திரையின் ஓரத்தில் தினமும் நச்சரிக்கும். ஒருநாள் பொறுமை போய் யாராவது சரி என்று அமுக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒருவருக்குத் திரை மஞ்சளடித்திருக்கும், ஒருவருக்கு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்திருக்கும், இன்னொருவருக்குப் படம் மினுக்மினுக்கென்று அடித்துக்கொள்ளும். எல்லாம் டிஸ்பிளே செட்டிங்கில் ஒரு இடத்தில் போய் ஒன்றை மாற்றினால் தீர்கிற வியாதிகள். இன்ஜினியர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

செம்பூரில் ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தமிழர் ஒருவர் இருந்தார். அவர் கடையில் அப்கிரேட் முடிந்ததும் திரையில் எல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. நம்மவர் போனார், பிளக்கைத் துடைத்தார், மேஜையை ஆட்டினார். கடைசியில் மானிட்டரைக் கழற்றிப் படுக்கப்போட்டு, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக்கொடுத்து, ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டினார். "இப்ப எழுத்து நேரா இருக்கா?" என்று கேட்டார். நேராகத்தான் இருந்தது. கடைக்காரரும் பல மாதம் அந்தக் கட்டிப்போட்ட மானிட்டரில்தான் டிக்கெட் போட்டார். வருகிறவர்கள் புதுசாக வந்திருக்கிற மாடல் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு, டிக்கெட்டுக்கு வந்த ஒரு பெண், "என்ன அண்ணா இது" என்று கீபோர்டில் இரண்டு மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கினாள். படம் நேராகிவிட்டது. ஆனால் மானிட்டர்தான் படுத்திருக்கிறதே, அதனால் மறுபடி எல்லாம் கோணல். கயிற்றை அவிழ்க்க இன்ஜினியரையே கூப்பிட்டார்கள். "நான் அப்பவே சொன்னேன், யாரோ கை வச்சிருக்காங்க" என்றார்.

எங்கள் சந்து முனையில் ஜெராக்ஸ் கடையில் திரை மினுக்கியபோது, பக்கத்தில் ரயில் போகிற அதிர்வு என்று சொல்லிவிட்டார். ஜெராக்ஸ்காரர் பாவம், லோக்கல் போகிற நேரத்தையெல்லாம் பார்த்து வேலையை நிறுத்தி நிறுத்திச் செய்தார்.

மாட்டுங்காவில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற ஒருவரின் மனைவி, இன்ஜினியருக்கு இன்னொரு வாடிக்கை. திரையில் எழுத்தெல்லாம் பஞ்சுபோல மங்கியிருப்பதாகச் சொன்னார். இவர் மேஜையை ஆட்டிவிட்டு, "மாமி, ஸ்கிரீன் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். உங்களுக்குக் கேடராக்ட் வந்திருக்கு. போய்க் காட்டுங்க" என்றார். மாமி போய்க் காட்டினார். கண்ணில் ஒன்றும் இல்லை.

"கண்ணு நன்னாயிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரே" என்றார் மாமி.

"அவர் சரியாப் பாத்திருக்க மாட்டார்" என்றார் இவர். மாமி இன்னொரு டாக்டரிடம் போய்வந்தார். கடைசியில் சான்பாடாவிலிருந்து மகள் வந்து ரெசல்யூஷனை மாற்றிவிட்டுப் போனாள். இதை மாமியே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஏன் இவரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். கூப்பிட்டால் வருவார், அதுதான் காரணம். மற்ற டெக்னீஷியன்கள் பத்து போன் போட்டால் ஒன்றை எடுப்பார்கள். இவர் மழையானாலும் முழங்கால் தண்ணீரில் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். நாள் முழுக்க நம்மோடு உட்கார்ந்து கவலைப்படுவார். இந்த ஊரில் அப்படி உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது? வேலை தெரியாதவன் பக்கத்தில் இருந்தாலும் மனிதருக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. அந்தத் தெம்பை வைத்துத்தான் அவர் பிழைத்தார்.

எனக்கு அப்போது தாராவியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிப் பட்டறை. இரண்டு மெஷின். குர்த்தா கழுத்து, பிளவுஸ் கை, ஸ்கூல் சட்டைப் பாக்கெட்டுக்குச் சின்னம், எல்லாம் போடுவோம். இன்ஜினியரின் மனைவி சந்தனமாரி என்னிடம்தான் வேலை பார்த்தாள். நூல் வெட்ட வந்தவள். வெட்டிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்து, டிசைனைக் கம்ப்யூட்டரில் தையல் தையலாகப் போடுகிற வேலையைத் தானே கற்றுக்கொண்டாள். அதற்கு எங்கள் தொழிலில் பஞ்சிங் என்று பேர். அவள் போட்ட இலைக்கு நரம்பு எண்ணலாம். அந்தக் கண்ணும் கையும்தான் என் பட்டறை, அவள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது. புருஷன் உட்கார்ந்து கவலைப்படுவதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

எங்கள் கம்ப்யூட்டரிலும் ஒருநாள் அந்த அப்கிரேட் ஏறியது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. டிசைனைத் திரையில் அசல் அளவில் வைத்துவிட்டு, வெட்டிய துணியையோ காகிதக் கழுத்தையோ கொண்டுபோய் மானிட்டர் கண்ணாடியின் மேலேயே ஒட்டிப் பிடித்துப் பார்ப்போம். பொருந்தினால் மெஷினுக்கு அனுப்புவோம். எங்கள் கண்ணாடி எப்போதும் நூலும் கைரேகையுமாக இருக்கும். அப்கிரேட் ஆன மறுநாள் மாரி ஒரு குர்த்தாக் கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள். டிசைன் துணியைத் தாண்டிக்கொண்டு வெளியே நின்றது.

இன்ஜினியர் வந்தார். பிளக், ஒயர், மேஜை, ஃபேன். பிறகு சொன்னார்: "அப்டேட்டுல டிசைன் ஊதிப்போச்சு மேடம். இதெல்லாம் சகஜம். துணிக்குப் பொருந்துற வரைக்கும் சின்னதாக்குங்க." மாரி புருஷன் சொல்லைத் தட்டாதவள். எல்லா டிசைனையும் கண்ணாடியில் துணிக்குப் பொருந்தும்வரை குறுக்கினாள். அன்று நான் சரக்கு எடுக்க உல்லாஸ்நகர் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் ஒரு கட்டுக் குர்த்தா தைத்து முடிந்துவிட்டது. ஆள் போட்டுக்கொள்கிற குர்த்தாவில் கைக்குழந்தைக்குப் போடுகிற அளவில் கழுத்து வேலை. ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து பார்த்துவிட்டு, இது அப்பனுக்கா பிள்ளைக்கா என்று இந்தியில் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்து செட்டிங்கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். டிஸ்பிளே என்று போட்டிருந்த இடத்தில் ஸ்கேல் நூற்றைம்பது என்று இருந்தது. நூறு என்று மாற்றினேன். டிசைன் தன் அளவுக்கு வந்து துணிக்குள் அடங்கியது. அதற்கு மேல் ஒரு வேலையும் இல்லை. வாசல் கதவு திறந்திருக்கிற வீட்டுக்கு ஓட்டைப் பிரித்து இறங்கியவரை என்னவென்று சொல்ல.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மாரி சொன்னாள்: "அக்கா, அளவு சரியா இருக்கு. ஆனா கோடு நெளியுதுக்கா. நேராப் போட்ட பார்டரு நடுவுல போயி வளையுது."

நான் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. மெஷின்காரர்கள் பார்த்தார்கள். நேராகத்தான் இருந்தது. இன்ஜினியருக்கோ வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம், நீங்க செட்டிங்குல கை வச்சீங்க. ஸ்கிரீன் வளைஞ்சு போச்சு" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. பிளக்கைப் புதுசாகப் போட்டார். ஒயரை மாற்றினார். திரைக்கு வருகிற கேபிளை மாற்றினார். டிரைவரைப் பழசாக்கினார், புதுசாக்கினார். யார் யாரையோ கெஞ்சி ஒரு கிராஃபிக்ஸ் கார்டு கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொன்றும் முடிந்ததும் மாரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இப்ப?" என்பார். அவள் குனிந்து பார்த்து, "இப்பவும் அப்படித்தான் இருக்கு" என்பாள். கடைசியில் லாமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய் வேறு மானிட்டரே கொண்டுவந்துவிட்டார். அதிலும் நெளிந்தது. "இந்த கம்பெனி பீஸே இப்படித்தான்" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று தூக்கி வந்தார்.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்று இருந்தது. வாடிக்கைக்காரர் யார் எதைச் சொன்னாலும், ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு, பழகிரும் என்று துடைத்துப் போடுகிறவர், மனைவி சொன்னதை மட்டும் முழுசாக நம்பினார். ஊரே நேராக இருக்கிறது என்றாலும் அவள் வளைகிறது என்றால் அவருக்கு வளைகிறதுதான். பார்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வந்தது. அவள் நேர் என்று நினைத்துப் போட்டது துணியில் கோணியது. வேலை செய்யும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டால் போடுவாள், மறந்தால் மறந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் எனக்கு என்னமோ தோன்றியது. "ஏட்டி மாரி, கம்ப்யூட்டர விடு. அந்தா அந்தக் கதவப் பாரு. அது எப்படித் தெரியுது?" என்றேன்.

"அதுவும் கோணலாத்தான் இருக்கு."

"கோணலாவா இருக்கு?"

"என்னக்கா கேக்கீய, இந்தச் சந்துல எந்தக் கதவு நேரா இருக்கு?" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. தாராவியில் நேரான சுவரும் கதவும் வேண்டுமென்றால் தேடிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்ஜினியர் அப்போது மேஜைக்கு அடியில் படுத்திருந்தார். நான் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். துணி வைத்துப் பார்க்கிற மாதிரி, கண்ணாடியில் பார்டர் கோட்டின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தாள். ஸ்கேலும் கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன, நூலிழை விலகவில்லை.

"சரியா ஒட்டி இருக்குல்லா?" என்றேன்.

"ஒட்டித்தான் இருக்கு" என்றாள் மாரி. "ஸ்கேலும் சேந்து வளைஞ்சிருக்கு."

மேஜைக்கு அடியிலிருந்த மனிதர் வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஸ்கேலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். "இது சைனா ஸ்கேல் மேடம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஹார்டுவேர் கடையிலிருந்து ஒரு புது ஸ்கேல் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். கனமான ஸ்கேல். உரையைக்கூடப் பிரிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் இன்ன வார்த்தை என்று இல்லை. "ஏன்யா, நீரு மனுசன்தானா? கண்ணு போயிட்டு இருக்குது அவளுக்கு. நீரு என்னன்னா கடை கடையா ஸ்கேலு வாங்கிட்டு அலையுதீரு. மாட்டுங்கா மாமிக்கு நல்ல கண்ண நொள்ளைன்னு சொல்லத் தெரிஞ்சுது, பெண்டாட்டி கண்ண ஒரு தடவ பாக்கத் தெரியலையா?" என்று சந்து கேட்கக் கத்தினேன். அவர் ஸ்கேலை உரையிலிருந்து உருவி, மறுபடி அதிலேயே போட்டார்.

அன்றே மாரியைச் செம்பூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இன்ஜினியரும் டாக்சியில் ஏறிக்கொண்டார். முன் சீட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பாதி வழியில் திரும்பினார்.

"தங்கச்சி" என்றார். என்னை அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார். "கண்ணுல ஒண்ணும் இருக்காதுல்லா?"

"உமக்கு ஏன் அந்த நெனப்பு இப்ப வருது?" என்றேன்.

"இவ அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. தூத்துக்குடியில. கதவு நெலை வளையுது, தூணு வளையுதுன்னு சொல்லிட்டே இருந்தா. இப்ப அவளக் கையப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போறாக."

ஆக, முதல் நாளே தெரிந்திருக்கிறது. கோடு நெளிகிறது என்று அவள் சொன்ன அந்த நிமிஷமே அவருக்கு அந்த அக்காள் ஞாபகம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கேபிள், அதற்குப் பிறகுதான் கார்டு, மானிட்டர், ஸ்கேல் எல்லாம். பயம் என்று புரிகிறது. பயந்தவனை அடிக்கக்கூடாதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு வாடகையை அவள் கண்ணல்லவா கொடுத்தது? தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். தெரிந்தே ஸ்கேல் வாங்கிய மனிதரை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அக்காள் ஞாபகம் இல்லாமலா இருந்திருக்கும்?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். முழுக்கக் கெடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம், அந்த மட்டில் சரி. சர்க்கரையால் கண்ணுக்குள் நடுவில் நீர் கோத்திருக்கிறது, வலது கண்ணில் அதிகம், இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம் என்றார் டாக்டர். மராத்திக்காரப் பெண், சின்ன வயசு, எங்களோடு இந்தியில் பேசினார். ஊசி போட வேண்டும், போட்டால் இடது கண் கெடாமல் நிற்கும், வலதில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆனால் இதெல்லாம் பிறகு சொன்னது. முதலில் ஒரு அட்டையைக் காட்டினார். வெள்ளை அட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்க்கச் சொன்னார். கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டார்.

"நடுவுல நெளியுது" என்றாள் மாரி. "ஒரு எடத்துல கட்டமே இல்ல."

நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த இன்ஜினியர் எட்டிக் குனிந்து அட்டையைப் பார்த்தார். "மேடம், இது பிரிண்ட் சரியில்ல. வேற அட்டை இருந்தாக் காட்டுங்க" என்று இந்தியில் சொன்னார்.

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார். அவர் கைநீட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். திருப்பிப் பிடித்தும் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.

மாரி இடது கண்ணிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே அவர் பக்கம் திரும்பினாள்.

"அட்டைய வச்சிட்டு இங்கன பாருங்க. உங்க மூஞ்சியே எனக்கு ஒரு மாசமாக் கோணலாத்தான் தெரியுது. சொன்னா எதக் கழட்டி மாத்துவீயளோன்னுதான் சொல்லாம இருந்தேன்."

அவர் அட்டையை மேஜைமேல் வைத்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்து, முகத்தை அவள் பார்வைக்கு நேராகக் கொண்டுவந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வாய்ப் பக்கம்" என்றாள் மாரி.

ஊசி போட்டு முடித்து நாங்கள் தாராவிக்கு வந்து சேருகிற வரைக்கும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.